பெரிய கார்டுக்கு முன்னால் வரும் குட்டி ஆக்டேவ்: இடது கை ஏன் பிந்துகிறது?

கேள்வி சுருக்கமாக இது: டிப்ளமா அளவிலான பியானோ இசையைப் பழகுகிறேன். பெரிய கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் கூட்டு) ஒன்றுக்கு முன்னால், இடது கைக்கு, பியானோவின் தாழ்ந்த சுரங்கள் இருக்கும் கோடியில் சின்ன எழுத்தில் ஓர் ஆக்டேவ் (ஒரு சுரமும் ஒரு ஸ்தாயி மேலுள்ள அதே சுரமும் சேர்ந்தது) கிரேஸ் நோட்டாக, அதாவது சட்டென்று தொட்டுவிட்டுப் போகும் சிறு சுரமாக வருகிறது. அதை அடித்துவிட்டு மேலே தாவிக் கார்டைப் பிடிப்பதற்குள் வலது கை போய்விடுகிறது. அவசரப்பட்டால் பக்கத்து நோட்டில் விழுகிறது. இதை பீட்டுக்கு (தாள அடிக்கு) முன்னால் அடிப்பதா, பீட்டிலேயே அடிப்பதா? என் கையும் சிறியது. என்னதான் செய்வது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு விரல் வேகத்தில் குறையே இல்லை. கோளாறு வலது காலில் இருந்தது. விரலை எடுத்த பின்னும் ஒலியை நீடிக்கவைக்கும் வலது பெடலைக் கால் நேரத்துக்கு மிதிக்காததால் கை அந்த ஆக்டேவை விட்டுக் கிளம்பப் பயப்படுகிறது. கிளம்பப் பயப்படுகிற கை தாமதமாகக் கிளம்பும், தாமதத்தை ஈடுகட்டப் பாயும், பாய்ந்தால் தவறாக இறங்கும். அதனால் பதிலைக் காலிலிருந்து தொடங்குகிறேன்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம், அதாவது ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஸ்தாயியில் அதே கட்டையின் நடுவரை, சுமார் 165 மில்லிமீட்டர். ஈ ஃபிளாட் (E♭) மேஜரில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இடது கை அடிக்கோடியில் ஈ ஃபிளாட் ஆக்டேவை அடிக்கிறது. பிறகு இரண்டு ஸ்தாயி மேலே போய் அதே ஈ ஃபிளாட்டில் தொடங்கும் கார்டை அடிக்கிறது. கை நகரும் தூரம் 33 சென்டிமீட்டர். அதை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்தால், சராசரி வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். மனிதக் கைக்கு இது பெரிய வேகமே இல்லை. கொசுவை அடிக்கும்போது இதைவிட வேகமாகத்தான் கை போகிறது. அப்படியானால் தாவல் தன்னளவில் கஷ்டமில்லை. கஷ்டம் கிளம்புவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது.

கிளம்புவதைப் பார்ப்போம். பியானோ கட்டை கீழே இறங்குவது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அந்த இறக்கத்தின் கடைசிப் பகுதியில் சுத்தி உங்கள் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறந்து கம்பியை அடிக்கிறது. அதற்கப்புறம் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது, மாறாது. கட்டையைப் பிடித்திருப்பதற்கு ஒரே காரணம்தான்: விட்டால் டாம்பர் இறங்கிக் கம்பியை அடக்கிவிடும். டாம்பரை இறங்கவிடாமல் வைக்கும் அந்த வேலையைப் பெடல் செய்துவிட்டால் விரலுக்கு அங்கே வேலை இல்லை. ஆக்டேவைத் தொட்ட மறுகணமே கிளம்பலாம். பெடல் இறங்குவதற்கு முன்பே கை கிளம்பினால் மட்டும்தான் அடித்தளம் காணாமல் போய், மேலே கார்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும். கேட்கிறவருக்கு யாரோ வீட்டின் அஸ்திவாரத்தை உருவிவிட்ட மாதிரி இருக்கும்.

சாதாரணமாக நாம் பழகியிருக்கும் பெடல் மாற்றம் என்ன? கார்டு பீட்டில் விழும்போது காலைத் தூக்கி, விழுந்தபின் மிதிக்கிறோம். பல வருடப் பழக்கத்தில் அது கைக்குப் பின்னாலேயே தானாக நடக்கும். கிரேஸ் நோட் வரும் இடத்திலும் கால் அதே பழக்கத்தில் பெரிய கார்டுக்காகக் காத்திருந்து, கார்டு விழும்போது தூக்கிவிடுகிறது. அந்த நொடியில் கீழே அடித்த ஆக்டேவ் செத்துப்போகிறது. அடித்தவருக்குக் காரணம் தெரியாது. இன்னும் பலமாக ஆக்டேவை அடிக்கிறார், இன்னும் நேரம் அதன்மேல் உட்கார்கிறார். சிக்கல் கூடுகிறது.

மாற்ற வேண்டியது இதுதான்: பெடல் மாற்றம் கிரேஸ் நோட்டுக்கு உரியது, கார்டுக்கு உரியதல்ல. முந்தைய ஹார்மனியின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) பெடலை ஆக்டேவ் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்பே தூக்கிவிடுங்கள். அடிக் கம்பிகள் தடிமனானவை. டாம்பர் தொட்டதும் உடனே அடங்கிவிடாது, சற்று முனகும். அதற்கு அந்தச் சிறு இடைவெளி வேண்டும். பிறகு ஆக்டேவ் விழுகிறது, கட்டைகள் இன்னும் கீழே இருக்கும்போதே பெடல் இறங்குகிறது, கை கிளம்புகிறது. கார்டு விழும் நேரத்தில் கால் அசையவே கூடாது. முதல் சில நாள் இது விநோதமாக இருக்கும். பெரிய கார்டு விழும்போது காலைச் சும்மா வைத்திருப்பது நமக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றுக்கும் எதிராகத் தோன்றும்.

இதைத் தனியாகப் பழகுங்கள். பாட்டை மறந்துவிட்டு, இடது கையில் ஓர் ஆக்டேவ், உடனே பெடல், உடனே கையைத் தூக்கி மடியில் போடுங்கள். ஒலி நீடிக்கிறதா என்று கேளுங்கள். நீடித்தால் கையும் காலும் சேர்ந்துவிட்டன. இருபது முறை செய்யுங்கள், கார்டே வேண்டாம். மடியில் கை கிடக்க, கீழே அந்த ஆக்டேவ் தனியாக முழங்கிக்கொண்டிருப்பதைக் காதால் கேட்டபின்தான் கைக்கு ‘விடலாம்’ என்ற நம்பிக்கை வரும். சொல்லிப் புரியவைக்க முடியாதது இது; உடம்பு தானே கண்டுகொள்ள வேண்டும்.

வீட்டில் டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில மாடல்களோடு வரும் சின்னச் சதுரப் பெடல் வெறும் சுவிட்ச். மிதித்தால் உண்டு, விட்டால் இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. அதில் இந்தப் பழக்கத்தைச் சரியாகப் பெற முடியாது. அரைப் பெடலை உணரும் பெடல் ஒன்றை வாங்கி மாட்டுவது நல்ல செலவு. நடுப் பெடலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். கிராண்ட் பியானோவில் நடுப் பெடல், மிதிக்கும் நேரத்தில் கீழே இருக்கும் கட்டைகளின் டாம்பரை மட்டும் தூக்கி வைக்கும். ஆக்டேவ் நீடித்திருக்க, மேலே ஹார்மனி மாறிக்கொண்டே போகும் இடங்களில் அது உதவும். ஆனால் அதையும் கை கிளம்புமுன்தான் மிதிக்க வேண்டும். ஆகவே நம் சிக்கல் அப்படியே இருக்கும். பல அப்ரைட் பியானோக்களில் நடுப் பெடல் சத்தத்தைக் குறைக்கும் கம்பளித் துணியை இறக்குவதற்கு மட்டுமே.

காலைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால், இந்தச் சின்ன ஆக்டேவ்கள் எழுதப்படுவதே பெடலை நம்பித்தான். ஆர்கன் வாசிப்பவருக்கு அடிச் சுரங்களைக் கால் பார்த்துக்கொள்ளும்; இரண்டு கையும் மேலே சுதந்திரமாக இருக்கும். லிஸ்ட், புசோனி போன்றவர்கள் பாஹின் ஆர்கன் இசையைப் பியானோவுக்கு மாற்றியபோது அந்தக் கால்வேலையும் இடது கையின் தலையில் விழுந்தது. மூன்று கை வேண்டிய இடத்தில் இரண்டு கைதான் இருக்கிறது. கீழே ஒன்றைத் தொட்டுவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஓடுவதுதான் வழி. இடது கைக்கு மட்டும் எழுதிய இசையில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவெல் எழுதிய இடது கை கான்செர்டோ (இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பு) 1932இல் வியன்னாவில் முதன்முதலில் அரங்கேறியது. அதில் ஒரே கை அடித்தளம் போட்டு, கார்டு அடித்து, மெலடியையும் பாட வேண்டும். பெடல் இல்லாமல் அந்த இசையை நினைத்தே பார்க்க முடியாது. இசையமைப்பாளர் டெபுஸ்ஸி 1910இல் வெளியிட்ட பிரெலூட்களில் (சிறு பியானோ படைப்புகளில்) மூழ்கிய கதீட்ரல் பற்றியது ஒன்று உண்டு. அதன் உச்சத்தில் அடியில் சி ஆக்டேவ் முழங்கிக்கொண்டே இருக்க, மேலே கார்டுகள் மணி மாதிரி நகரும். அதை வாசித்துப் பழகினால் ‘விட்டுவிட்டும் வைத்திருப்பது’ என்றால் என்ன என்று கைக்குப் புரியும். தாவல் மெதுவானது, காதுக்கு நேரம் கிடைக்கும். உங்கள் வேகமான இடத்துக்குப் போகுமுன் இதை ஒரு வாரம் வாசிக்கச் சொல்வேன்.

சரி, இனி இறங்குவது. ஈ ஃபிளாட் உதாரணத்தையே வைத்துக்கொள்வோம். கீழே கை நிற்கும்போது சுண்டுவிரல் அடி ஈ ஃபிளாட்டில், கட்டைவிரல் ஒரு ஸ்தாயி மேலே. கார்டு தொடங்குவது அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே. ‘சுண்டுவிரல் இரண்டு ஸ்தாயி தாவ வேண்டும்’ என்று மனம் நினைத்தால் தூரம் பயமுறுத்தும். ‘கட்டைவிரல் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு ஸ்தாயி, அங்கே சுண்டுவிரல்’ என்று நினையுங்கள். ஒரு ஸ்தாயியின் அகலம் உங்கள் கைக்குப் பிறப்பிலிருந்து தெரிந்த அளவு மாதிரி. அதைக் கண்ணை மூடிக்கொண்டே அளப்பீர்கள். தூரம் அதேதான், ஆனால் கைக்குக் கொடுக்கும் முகவரி தெளிவாக இருக்கிறது.

கண் எங்கே பார்க்க வேண்டும்? மேலே, கார்டு இருக்கும் இடத்தை. ஆக்டேவை அடிக்குமுன்பே பார்வை அங்கே போயிருக்க வேண்டும். கீழே உள்ள ஆக்டேவைத் தடவித் தெரிந்துகொள்ளலாம். கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக இருப்பதால் விரல் நுனிக்கே அடையாளம் தெரியும். முழு வேகத்தில் பறந்து இறங்கும் இடத்துக்குத்தான் கண் தேவை. பலர் கீழே பார்த்து ஆக்டேவை அடித்துவிட்டு, பிறகு தலையைத் திருப்பி மேலே தேடுகிறார்கள். தலை திரும்பும் நேரமே கிரேஸ் நோட்டின் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இதற்கான பயிற்சியில் நான் விடாப்பிடியாக இருப்பேன். மெதுவாகப் பழகு, மெதுவாகப் பழகு என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்கேலுக்கு அது சரி. தாவலுக்கு அப்படியே பொருந்தாது. மெதுவாகத் தாவும் கை வேறு பாதையில், வேறு தசையை வைத்துப் போகிறது. வேகமாகப் போகும்போது அந்தப் பழக்கம் உதவாது. ஆகவே தாவலை எப்போதும் முழு வேகத்திலேயே செய்யுங்கள். காத்திருப்பதை மட்டும் நீளமாக்குங்கள். ஆக்டேவ், பெடல், ஒரே வீச்சில் மேலே போய்க் கார்டின் கட்டைகளைச் சத்தமில்லாமல் தொடுங்கள். அடிக்காதீர்கள். தொட்டபடியே நில்லுங்கள். எல்லா விரலும் சரியான கட்டையில், நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே விரலை நகர்த்திச் சரிசெய்யாமல், கீழே போய் மறுபடி தாவுங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் மட்டும் கார்டை அடியுங்கள். நாள் போகப்போகத் தொடுவதற்கும் அடிப்பதற்கும் இடையிலான காத்திருப்பு சுருங்கிக்கொண்டே வரும். ஒருநாள் அது இல்லாமல் போகும். தாவலின் வேகத்தை நீங்கள் கூட்டியிருக்கவே மாட்டீர்கள்.

பாதை தாழ்வாக இருக்கட்டும். கட்டைகளுக்குச் சற்று மேலே, தட்டையான வில் மாதிரி. கையை உயரத் தூக்கி மேலிருந்து குத்துவது மேடையில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நேரமும் போகும், குறியும் தவறும். முழங்கை முன்னே போக, மணிக்கட்டும் விரல்களும் பின்தொடரட்டும். பியானோவுக்கு ரொம்ப ஒட்டி உட்கார்ந்திருந்தால் முழங்கை விலாவில் இடிக்கும். ஸ்டூலை ஒரு கையகலம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். ஆக்டேவின் வடிவத்தில் விரித்த கையை அப்படியே விறைப்பாக வைத்துக்கொண்டு தாவாதீர்கள். ஆக்டேவ் ஒலித்ததும் கை சுருங்கி, இயல்பான வடிவத்துக்கு வர வேண்டும். காற்றில் போகும்போது அடுத்த கார்டின் வடிவத்துக்கு விரிய வேண்டும். விரித்த கை ஒரு கணமாவது மூடாவிட்டால் முன்கைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. இளம் வயதில் எனக்கு ஓர் ஆசிரியர் ‘ஆக்டேவ் என்றால் இரும்புக் கை’ என்று சொல்லிக்கொடுத்தார். நானும் நம்பி மூன்று மாதம் அப்படியே பழகினேன். கடைசியில் தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் முன்கை நடுங்கியது. ஏழு வாரம் பியானோவைத் திறக்கவில்லை. அந்த ஏழு வாரமும் மூடிய மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. லிஸ்ட், பலாகிரெவ் ஆகியோரின் கடினமான படைப்புகளை வெறியோடு பழகி இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் வலது கையைக் கெடுத்துக்கொண்டார். ஷூமானின் வலது கை கெட்டதும் தெரிந்த கதை. வலி வந்தால் நிறுத்துங்கள். தாங்கிக்கொண்டு வாசிப்பதில் எந்த வீரமும் இல்லை. ஒரு நாளில் இந்த இடத்துக்குப் பத்து நிமிடம் மூன்று தடவை போதும்; ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம்.

பீட்டுக்கு முன்னாலா, பீட்டிலா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே விதி எல்லாக் காலத்துக்கும் இல்லை. பாஹின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சிறு சுரங்கள் பீட்டிலேயே விழ வேண்டும், பெரிய சுரம்தான் பொறுக்க வேண்டும் என்கிறார். சோபினும் மெலடியில் வரும் சிறு சுரங்களைப் பல இடங்களில் அடிச் சுரத்தோடு சேர்த்துப் பீட்டில் அடிக்கச் சொல்லியிருக்கிறார்; அவருடைய மாணவர்களின் பிரதிகளில் சிறு சுரத்தையும் அடிச் சுரத்தையும் சேர்த்துப் பென்சிலில் கோடு இழுத்திருப்பது இன்றும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சிலர் எல்லாச் சிறு சுரத்தையும் பீட்டில் போட ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் தவறு.

வலது கை மெலடியை அலங்கரிக்கும் சிறு சுரம் வேறு. இடது கையில் தூரத்திலிருந்து வரும் ஆக்டேவ் வேறு. முதலாவது அலங்காரம், இசையின் பேச்சில் ஓர் உச்சரிப்பு. இரண்டாவது அலங்காரமே இல்லை. ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியதைக் கை எட்டாததால் பிரித்து எழுதியது. அதனால் இடது கை ஆக்டேவை நான் பெரும்பாலும் பீட்டுக்கு முன்னால்தான் வைப்பேன். கார்டின் உச்சியில் மெலடி இருந்தால் அந்த மெலடிதான் பீட். அதை வாயால் பாடிக்கொண்டே காலால் தாளம் தட்டிப் பாருங்கள். பாட்டு எங்கே விழுகிறதோ அங்கே கார்டு. ஆக்டேவ் அதற்கு முன்னால் கிடைக்கும் இடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தை முந்தைய சுரத்தின் வாலிலிருந்து எடுக்கலாம், மெலடியிலிருந்து எடுக்கக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. சவ ஊர்வல மார்ச் மாதிரி, ஆலய மணி மாதிரி, அடிச் சுரமே அடி எடுத்து நடக்கும் இசையில் ஆக்டேவைப் பீட்டில் போட்டுக் கார்டை ஒரு மூச்சு பின்னால் விடலாம். அப்போது இரண்டு கையும் சேர்ந்து பிந்த வேண்டும். இடது கை மட்டும் பிந்தி, வலது கை முன்னே போனால் அது பாணி ஆகாது, விபத்துதான். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். இன்னொரு விஷயம்: சின்ன எழுத்தில் இருப்பதாலேயே எல்லாம் மின்னல் வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. மெதுவான இசையில் ஆக்டேவுக்கும் கார்டுக்கும் இடையில் தாராளமாக இடம் விடலாம்; அங்கே அவசரம்தான் அசிங்கம்.

ஒரே ஒரு ஆக்டேவ் இல்லாமல், இரண்டு மூன்று சின்ன ஆக்டேவ்கள் வரிசையாக ஓடிவந்து பெரிய கார்டில் முட்டும் இடங்களும் உண்டு. அங்கே தனித்தனியாக மூன்று அடி அடிக்க நினைத்தால் கட்டாயம் பிந்துவீர்கள். ஒரே கைவீச்சு, அதற்குள் மூன்று தொடுகை. தரையில் எறிந்த பந்து சின்னச் சின்னதாகக் குதித்துப் போகிற மாதிரி. வெள்ளைக் கட்டையில் ஐந்தாம் விரல் (சுண்டுவிரல்), கறுப்பில் கை அனுமதித்தால் நான்காம் விரல் (மோதிர விரல்). கையைக் கறுப்புக் கட்டைகளின் விளிம்பை ஒட்டியே வைத்துக்கொண்டால் உள்ளே வெளியே போகிற அலைச்சல் மிச்சம். கறுப்பிலிருந்து பக்கத்து வெள்ளைக்கு இறங்கும்போது கையைத் தூக்கவே வேண்டாம். அதே விரல்களை வழுக்கி இறக்கலாம். பழகுவதைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் கார்டு மட்டும். பிறகு கடைசிச் சின்ன ஆக்டேவும் கார்டும். பிறகு கடைசி இரண்டும் கார்டும். இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் கை எப்போதும் தெரிந்த இடத்தை நோக்கி ஓடும். முன்னாலிருந்து பழகினால் போகப்போகத் தெரியாத இடத்துக்குள் ஓடும். அதனால்தான் கடைசியில் தடுமாறுகிறது.

ஆக்டேவுக்கென்றே தியோடோர் குல்லாக் 1848இல் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். அந்தத் தலைமுறைக்கு ஆக்டேவ் ஒரு பைத்தியமாகவே இருந்தது. டிரைஷாக் என்ற பியானோ கலைஞர் சோபினின் புரட்சி எட்யூடின் (பயிற்சிப் படைப்பின்) இடது கை ஓட்டத்தை முழுக்க ஆக்டேவில் வாசித்துக்காட்டியே பெயர் வாங்கினார். அந்தக் காலப் பியானோவின் கட்டைகள் இன்றையதைவிட இலகுவானவை, இறக்கமும் குறைவு என்பதை மறக்கக் கூடாது. பீத்தோவனின் வால்ட்ஸ்டைன் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் வரும் ஆக்டேவ் கிளிஸாண்டோவை (கட்டைகளின்மேல் விரலை வழுக்கி இழுப்பதை) இன்றைய கிராண்டில் எழுதியபடி இழுக்கப் போனால் விரல் தோல் உரியும். பலர் அதை இரண்டு கைக்கும் பிரித்தோ வேறு விதமாகவோ வாசிக்கிறார்கள். அதில் எந்தக் குற்றமும் இல்லை.

இது நேராகச் சிறிய கை விஷயத்துக்குக் கொண்டுவருகிறது. உங்கள் கை ஆக்டேவை எட்டுகிறது, ஆனால் அதற்குள்ளே நிம்மதியாக இல்லை என்றால், சின்ன ஆக்டேவின் மேல் சுரத்தை விட்டுவிடுங்கள். அடிச் சுரத்தை மட்டும் சுண்டுவிரலாலோ, நான்காம் விரலை அதன் மேல் சாய்த்து இரண்டு விரலின் பலத்தாலோ அடியுங்கள். இது ஏமாற்று இல்லை, காரணம் இருக்கிறது. ஒரு கம்பி ஒலிக்கும்போது அதன் மேற்சுரங்களில் முதலில் வருவதே ஒரு ஸ்தாயி மேலுள்ள அதே சுரம்தான். அடி ஈ ஃபிளாட்டை அடித்தால் மேல் ஈ ஃபிளாட் அதற்குள்ளேயே ஒலிக்கிறது. மேலே பெரிய கார்டும் வந்து விழும்போது, விட்டுப்போன அந்தக் கட்டைவிரல் சுரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பவர் அரிது. மேல் சுரத்தை வைத்துக்கொண்டு அடிச் சுரத்தை விட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே விடுவதென்றால் மேலே உள்ளதை விடுங்கள்.

மேலே உள்ள கார்டு இடது கைக்குப் பெரிதாக இருந்தால் அதன் மேல் சுரத்தை வலது கை வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பல இடங்களில் முடியும். ரக்மானினோவின் இரண்டாவது கான்செர்டோவின் தொடக்கக் கார்டுகளில் இடது கை பத்தாம் சுரம்வரை விரிய வேண்டும்; எட்டாதவர்கள் கீழ்ச் சுரத்தை முன்னால் தொட்டுவிட்டு மேலே உருட்டுகிறார்கள், அரங்குகளில் எப்போதும் கேட்பதுதான். ஸ்பானியப் பியானோ கலைஞர் அலிசியா தெ லரோச்சா ஐந்தடிக்கும் குறைவான உயரமும் சிறிய கையும் கொண்டவர்; அல்பேனிஸின் ஐபீரியாவை அவரைப்போல் வாசித்தவர்கள் குறைவு. சிறிய கை கொண்ட பியானோ கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மனுக்காக ஸ்டைன்வே நிறுவனம் சற்றே குறுகிய கட்டைகள் கொண்ட பியானோவைச் செய்துகொடுத்தது. ஒரே அகலம்தான் எல்லாக் கைக்கும் என்பது பியானோ உலகின் நியாயமற்ற வழக்கம் என்றே நினைக்கிறேன். சிறிய கையோடு வருகிற எந்த மாணவருக்கும் ‘உனக்கு இந்த இசை இல்லை’ என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆனால் தாவலை இரண்டு கைக்கும் பிரித்துச் சுலபமாக்குவதற்கு நான் எப்போதும் சரி என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் ஆபத்துதான் இசை. பீத்தோவனின் ஹாமர்கிளாவியர் சொனாட்டா தொடங்கும்போது இடது கை கீழே ஒரு பி ஃபிளாட்டைத் தொட்டுவிட்டு மேலே கார்டுக்குப் பாய்கிறது. அது கிரேஸ் நோட் இல்லை, முழு எழுத்தில் எழுதிய சுரம்தான். ஆனால் பீத்தோவன் கொடுத்த மெட்ரோனோம் (வேகக்) குறி, நிமிடத்துக்கு 138 அரை நோட்; அந்த பி ஃபிளாட்டின் நீளம் ஓர் அரை நோட்டில் கால் பங்கு. அதன்படி கணக்குப் போட்டால் அந்த பி ஃபிளாட்டுக்குக் கிடைப்பது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. உங்கள் கிரேஸ் நோட்டின் நேரமும் ஏறக்குறைய இதேதான். இதை இரண்டு கைக்கும் பிரித்து வாசித்தால் சுரம் தவறாது. கூடவே அந்தப் பாய்ச்சலின் துணிச்சலும் போய்விடும். கடைசி சொனாட்டா ஓபஸ் 111இன் தொடக்கமும் அப்படியே: இடது கை ஈ ஃபிளாட் ஆக்டேவிலிருந்து கீழே எஃப் ஷார்ப் ஆக்டேவுக்கு விழுகிறது. இரண்டு கையால் பங்கிட்டால் பத்திரம். ஒரே கையால் விழும்போதுதான் அந்த இடைவெளியின் அகலம் கேட்கிறவருக்கு உறைக்கிறது. நான் இவ்விரண்டையும் ஒரு கையாலேயே வாசிப்பேன், தவறினாலும் பரவாயில்லை என்று.

ஆகவே உங்கள் இடத்தில் அந்த ஆக்டேவ் எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். வெறும் அடித்தளம் என்றால் சுலபமாக்குங்கள், ஒரு சுரத்தை விடுங்கள், பங்கிடுங்கள். தாவலே நாடகம் என்றால் ஒரு கையாலேயே செய்யுங்கள்.

சத்தம் பற்றி ஒன்று பாக்கி. சின்ன ஆக்டேவ் பெரிய கார்டைவிடப் பலமாக விழக் கூடாது. அடிக் கம்பிகள் இயல்பாகவே நீண்ட நேரம் முழங்கும், அதற்கு உங்கள் கோபம் தேவையில்லை. மேலிருந்து அறையாமல், கட்டையின் மேற்பரப்பில் விரல் தொட்ட நிலையிலிருந்து அழுத்துங்கள். சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை, கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். அழுத்தியதில் எழும் துள்ளலே கையை மேலே தூக்கிக்கொண்டு போகட்டும். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது நமக்குக் கைதான் தெரியும், பதிவில்தான் பிந்தியது யார் என்று தெரியும்.

தேர்வுக்கோ கச்சேரிக்கோ போனால், அறையில் உள்ள பியானோ உங்களுடையது அல்ல. அதன் பெடல் எந்த ஆழத்தில் பிடிக்கிறது என்று உங்கள் காலுக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் ஸ்கேலில் வீணாக்காதீர்கள். அந்த அடி ஆக்டேவை ஒருமுறை அடித்து, பெடலை மிதித்து, கையை மடியில் போட்டுக் கேளுங்கள். ஒலி நீடிக்கிற இடத்தைக் கால் கண்டுபிடித்ததும் மேலே தாவிக் கார்டைச் சத்தமில்லாமல் ஒருமுறை தொட்டுவிட்டு, தொடங்குங்கள்.